முகங்களுக்கு இஸ்திரி

அவர் வைத்திருந்தது போட்டோக் கடை. ஆனால் தெருவில் எல்லோரும் அவரை இஸ்திரி என்றுதான் கூப்பிட்டார்கள். துணிக்குப் பதில் முகங்களைத் தேய்த்துக் கொடுப்பார், அவ்வளவுதான். சுருக்கம், தழும்பு, மச்சம், கண்ணுக்குக் கீழே தொங்கும் பை, எதுவானாலும் அவர் கம்ப்யூட்டரில் ஏறி இறங்கினால் மாயம். சாயங்காலம் கடையைக் கூட்டினால் முறத்தில் கடுகு கடுகாக மச்சங்கள் சேருமாம். காற்றடித்த நாட்களில் சுருக்கங்கள் நூல் நூலாகப் பறந்துபோய் எதிர்க்கடைப் பந்தலில் தொங்கியதைப் பார்த்தவர்களே இருக்கிறார்கள். நான் எங்கே பொய் சொன்னேன்?

தேய்த்து முடித்ததும் அசல் படத்தை அழித்துவிடுவார். "அடுத்தவங்க குறையை நாம வச்சிக்கிட்டு இருக்கறது மரியாதை இல்ல" என்பார் பெருமையாக.

முகப்புக் கண்ணாடிக்குள் அவர் மனைவியின் படம், பளிங்குபோல. கல்லாவில் அவளே உட்கார்ந்திருப்பாள். "யாருங்க இது, உங்க தங்கச்சியா?" என்று ஆரம்பத்தில் அவளிடமே கேட்டார்கள். போகப்போக, "உங்க பொண்ணா?" என்றார்கள்.

"இன்னும் கொஞ்ச நாள்ல பேத்திம்பாங்க. பெத்துக்காமலே குடும்பம் பெருகுது" என்று சிரிப்பாள் அவள்.

ஒரு மத்தியானம், வெயில் கடைத் தரையில் பூனைபோலப் படுத்துக் கிடந்தபோது, ஓய்வுபெற்ற பஸ் டிரைவர் ஒருவர் வந்தார். துணியில் சுற்றிய படத்தைப் பிரித்து மேஜைமேல் வைத்தார்.

"இதுல என் வீட்டுக்காரி எங்க தம்பி?"

"இவங்கதானே அண்ணே? நான் எடுத்த படமாச்சே."

"இது யாரோ நல்ல பொம்பள. எங்கூடக் குடும்பம் நடத்தினவ இல்ல." இடது புருவத்தைத் தொட்டுக் காட்டினார். "இங்க ஒரு தழும்பு. கல்யாணமான புதுசுல என் வண்டியில முன் சீட்டுல வந்தா. நான் போட்ட பிரேக்குல கம்பில இடிச்சிக்கிட்டா. கோவம் வந்தா ஒண்ணும் பேசமாட்டா, அதைத் தடவிக்குவா, அதான் திட்டு. நான் கப்சிப். போன மாசம் போய்ச் சேந்துட்டா. இப்ப இந்தப் படம் என்னைப் பாத்துச் சிரிக்குது தம்பி, திட்டவே மாட்டேங்குது. அசலைக் குடு."

அசல் ஏது? இஸ்திரி, தேய்த்த படத்தைத் திறந்து திரையில் தழும்பு வரைந்து பார்த்தார்.

"இன்னும் மேல... இது கோடு மாதிரி கெடக்கு. அவளுது லேசா வளைஞ்சிருக்கும்."

வரைந்தார், அழித்தார். வெயில் எழுந்து போய்விட்டது.

"விடு தம்பி. ஞாபகத்துலயே திட்டு வாங்கிக்கறேன்." டிரைவர் படத்தைச் சுற்றிக்கொண்டு நடந்தார்.

அப்போதுதான் இஸ்திரிக்குத் தென்பட்டன. இத்தனை காலம் அவர் துரத்திய மச்சங்களும் தழும்புகளும் வாசல் வழியாகக் கூட்டமாகத் திரும்பி வந்தன. ஈசல்போலத் திரையில் மோதி மோதித் தங்கள் முகங்களைத் தேடின. எது யாருடையது என்று அவருக்கே தெரியவில்லை. கைகளை ஏந்தினார். சாம்பல்போல உதிர்ந்து உள்ளங்கையில் தங்கின.

"இனிமே தேய்க்கப்போறதில்ல. உள்ளது உள்ளபடிதான்" என்றார் மனைவியிடம்.

"ஏங்க, இந்தத் தெருவே தேய்க்கத்தான் இங்க வருது. நாளைக்கு நாம எதைச் சாப்பிடறது?"

அவர் கை இன்னும் ஏந்தியபடியே இருந்தது. அவள் அதைப் பார்த்தாள். கல்லாவை விட்டு எழுந்து கேமரா முன்னால் முக்காலியைப் போட்டு உட்கார்ந்தாள்.

"சரி, முதல் போணி நான்தான். எடுங்க."

முகவாயில் மச்சம், முன்பல்லில் சந்து. இவளைப் பார்த்து எத்தனை காலமாயிற்று என்று தோன்றியது அவருக்கு. மெல்ல அழுத்தினார். முகப்புக் கண்ணாடிக்குள் பளிங்குப் படம் இறங்கி, சந்துப்பல் படம் ஏறியது.

அதற்குப்பின் ஈ ஓட்டினார்கள். ஓட்டிய ஈக்களையும் ஒன்றுவிடாமல் உள்ளபடியே படமெடுத்தார் என்று கேள்வி. வந்தவர்கள், "தேய்க்கமாட்டீங்களா? அப்ப கண்ணாடியிலயே பாத்துக்கறோம்" என்று போனார்கள். மனைவி இரண்டு டம்ளர் டீயை ஒன்றாகக் குறைத்துப் பாதிப் பாதி ஊற்றினாள்.

ஒருநாள் டிரைவர் அந்தப் பக்கம் வந்தார். கண்ணாடிக்குள் பார்த்தார், கல்லாவைப் பார்த்தார்.

"அட, தங்கச்சி! இது நீயேதான்!"

உள்ளே வந்து முக்காலியில் உட்கார்ந்தார். தலைகூட வாரிக்கொள்ளவில்லை.

"எடு தம்பி. நாளைக்கு மேல போய் அவளைப் பாக்கறப்ப அடையாளம் தெரியலைன்னு சொல்லிடக்கூடாது."

சொல்லிவிட்டு வயிற்றை எக்கி, கன்னத்தை இறுக்கி, மூச்சைப் பிடித்துக்கொண்டார்.

"அண்ணே, தேய்க்காதீங்க" என்றார் இஸ்திரி.