தானாகச் சரியான அடைப்பு

மகள் கல்யாணத்துக்காக எங்கள் காரைக்குடி வீட்டின் பின்கட்டில் பூ வேலை செய்த ஆத்தங்குடித் தரைக்கல் பதித்தோம். நடுவில் கழிவுநீர்த் தொட்டியின் சிமென்ட் மூடி துருத்திக்கொண்டிருந்தது.

"இத மறைச்சிட்டா பின்னால கஷ்டப்படுவீக ஆச்சி" என்றார் கொத்தனார். அவ்வளவு அழகான பூ வேலைக்கு நடுவே இப்படியொரு மூடியா என்று, அதன்மேலும் கல் பதிக்கச் சொன்னது நான்தான்.

போன மழைக்காலத்தில் குளியலறைத் தண்ணீர் இறங்காமல் நின்றது. ஆசிட் ஊற்றினேன். உடனே பலன் இல்லை; இரண்டு நாள் கழித்துத் தானாகக் கடகடவென்று இறங்கியது. பிளம்பர் செலவு மிச்சம் என்று கணவரிடம் பெருமையடித்தேன்.

அடுத்த வாரம் அவருக்கு வாந்தி, பேதி. அவர் சாப்பிட்ட பரோட்டா கடையைத் திட்டித் தீர்த்தேன். பிறகு எனக்கும் வந்தது. அன்று நாங்கள் குடிக்க இறைக்கும் பின்கட்டுக் கிணற்றுத் தண்ணீரில் சோப்பு வாடை அடித்தது.

பிளம்பர் வந்து கல்லைப் பெயர்த்து, மூடியைத் திறந்து, குழாய் ஓரமாகத் தோண்டினார்.

"அடைப்பு எங்குட்டும் போகல ஆச்சி. பழைய மண் குழாய் உடைஞ்சு, அம்புட்டுத் தண்ணியும் பக்கத்துக் கெணத்துலதான் எறங்கியிருக்கு. இதையா குடிச்சீக?"

முந்தின ஞாயிறுதான் சம்பந்தி வீட்டாருக்கு அந்தத் தண்ணீரில் விருந்து சமைத்திருந்தேன். உடனே போன் போட்டு அவர்களிடம் உண்மையைச் சொன்னேன். நல்லவேளை, அவர்களுக்கு ஒன்றும் ஆகவில்லை.

புதுக் குழாய், கிணற்றை இறைத்துச் சுத்தம் செய்தது எல்லாம் சேர்த்து அறுபதாயிரம் ரூபாய். இப்போது பூ வேலைக்கு நடுவே அதே சிமென்ட் மூடி தெரிகிறது. மாதம் ஒருமுறை திறந்து பார்க்கிறேன். அடைத்து நின்ற தண்ணீர் தானாக இறங்கினால், எங்கே போகிறது என்று பார்க்காமல் கிணற்றில் வாளியை விடுவதில்லை.