ஐந்து டிகிரி

எங்கள் குடும்பத்தில் முதலில் படித்தவள் நான். பொன்முடித் தேயிலைத் தோட்டத்தில், அம்மா இருக்கும் தொழிலாளர் லயத்து வீட்டில் ஃபிரிட்ஜ் இல்லாததால், அம்மாவின் இன்சுலின் இருக்கும் ஐஸ்பெட்டிக்கு வெப்பநிலை காட்டும் கருவி செய்தேன்.

“எடீ, இந்த இ-பேப்பர் திரையிலே பேட்டரி தீர்ந்தாலும் பழைய நம்பர் அப்படியே நிக்கும், கேட்டியா?” என்றாள் திருவனந்தபுரத்தில் என்னோடு படித்த கரமனைத் தோழி. மின்சாரம் கொஞ்சம் போதுமே என்று அதையே பொருத்தினேன்.

சர்க்கரை ஏறியபோது, ஊசியை ஒழுங்காகப் போடவில்லை என்று அம்மாவைப் போனில் திட்டினேன். நேரில் போய்ப் பார்த்தால், பேட்டரி என்றோ தீர்ந்திருந்தது. மருந்து வெதுவெதுப்பாக இருந்தது. திரையில் மட்டும் ஐந்து டிகிரி.

“ஐஸ் கரைஞ்சதைப் பாக்கலையா?”

“பாத்தேன். நீ செஞ்சது தப்பாவா காட்டும்னு விட்டுட்டேன்” என்றாள் அம்மா.

வேறு திரை மாற்றிவிட்டேன். திட்டியதற்கு மன்னிப்புக் கேட்க மட்டும் இன்னும் வாய் வரவில்லை. என் மேலேயே எரிச்சலாக இருக்கிறது.