கிழட்டு எலிகளின் தீவனச் செலவு

கணக்குப் பிரிவில் இருந்து ஓய்வு பெற்றவனிடம் யாரும் சௌக்கியம் விசாரிக்க வருவதில்லை. எங்கேயோ ஒரு கோப்பு மாட்டிக்கொண்டிருக்கும், அதனால் வருவார்கள். அந்த மார்ச் மாதம் என் மச்சினி வந்ததும் அப்படித்தான்.

அவள் உயிரியல் விஞ்ஞானி. உடம்பு ஏன் முதுமை அடைகிறது என்று ஆராயும் சிறிய மையம் ஒன்றை அரசு மானியத்தில் நடத்திவந்தாள். அங்கே மருந்து எதுவும் கண்டுபிடிப்பதில்லை. செல் எப்படித் தளர்கிறது, ஏன் தளர்கிறது என்று பார்ப்பார்கள், அவ்வளவுதான். இதற்கு என்ன பயன் என்று கோப்பில் ஒரு பத்தி எழுதச் சொன்னால் என் பேனாவே நின்றுவிடும்.

செருப்பைக் கழற்றுவதற்குள் சொன்னாள்: "அத்திம்பேர், எலியெல்லாம் ஏன் இன்னும் தீரலைன்னு கேக்கறா."

தணிக்கையின் ஆட்சேபம் அது. கையுறை, ஆசிட், கண்ணாடிக் குழாய் இவற்றோடு வெள்ளை எலிகளையும் நுகர்பொருள் என்ற தலைப்பில் வாங்கியிருந்தாள். நுகர்பொருள் என்றால் வாங்கிய ஆண்டிலேயே தீர வேண்டும். எலிகளோ ஆண்டுக்கணக்கில் கையிருப்பில் இருந்தன. இருப்பு தீரும்வரை மானியத்தின் அடுத்த தவணை கிடையாது. தவணை இல்லையென்றால் ஏப்ரலில் தீவனமும் கிடையாது.

"குட்டியா வாங்கி இத்தனை நாள் காத்திருந்து இப்பத்தான் கிழமாகியிருக்கு. இனிமேதான் எங்க வேலையே. இதுகள் போச்சுன்னா முதல்லேருந்து வளர்க்கணும். அதுக்குள்ள நான் ரிட்டயர் ஆயிடுவேன்."

என் மனைவி காபியை வைத்தாள். "போயும் போயும் இவர்கிட்டயா வந்தே? சர்வீஸ் பூரா இதே மாதிரி எழுதித்தானே ஊரை அழ வெச்சார்."

உண்மைதான். அதனால்தான் எனக்கு யானை உத்தரவு நினைவிருந்தது. அரசுச் செலவில் வளரும் விலங்குகளுக்கு, புது ஒப்புதல் வரும்வரை பழைய விகிதத்திலேயே தீவனம் வாங்கலாம். யானைகளுக்காகப் போட்ட உத்தரவு. போட்டவர் அவசரத்தில் யானை என்று எழுதாமல் விலங்கு என்று எழுதிவிட்டார்.

மறுநாள் இருவரும் கிழக்கேகோட்டையில் பஸ் பிடித்து, ஆட்சேபம் எழுதிய அலுவலகத்துக்குப் போனோம். பிரிவு அதிகாரி எனக்குக் கீழே வேலை கற்றவர். எலிகளை நுகர்பொருளிலிருந்து கால்நடைக்கு மாற்றும்படி எழுதிக் கொடுத்ததை இரண்டு முறை படித்தார்.

"சாரே, யானைக்கும் எலிக்கும் ஒரே ரூலா?"

"உத்தரவில் எடை போட்டிருக்கா?"

"இல்ல."

"பின்னே?"

அவர் சிரிக்கவில்லை. எனக்குக் கீழே வேலை கற்றவர் சிரிக்க மாட்டார். ஆனால் கையெழுத்துப் போட்டார். ஏப்ரலில் தீவனம் வந்தது, தவணை மழைக்காலத்தில் வந்தது. எலிகள் தின்றன, மெதுவாக நடந்தன, ஒவ்வொன்றாகத் தாமாகவே செத்தன. மச்சினிக்கு வேண்டியதும் அதுதான்.

கால்நடை செத்தால் காரணம் காட்டித்தான் கணக்கிலிருந்து நீக்க வேண்டும். காரணம் என்ற இடத்தில் அவள் 'முதுமை' என்று எழுதி அனுப்பினாள். கோப்பு திரும்பி வந்தது. ஓரத்தில் ஒரு குறிப்பு: முதுமை எப்படி மரணத்துக்குக் காரணமாகிறது என்பதை விளக்கவும்.

கோப்பை எடுத்துக்கொண்டு நேரே எங்கள் வீட்டுக்கு வந்துவிட்டாள். திரும்பி வந்த கோப்போடு இவ்வளவு சந்தோஷமாக யாரும் என் எதிரில் உட்கார்ந்ததில்லை. "அத்திம்பேர், மானியம் கேட்டு நான் எழுதினதுல முதல் வரியே இதுதான். இத்தனை வருஷத்துல இப்பத்தான் ஒருத்தர் திருப்பிக் கேக்கறார்."

"சரி, பதில் என்ன எழுதப்போறே?"

"நீங்களே சொல்லுங்கோ."

'ஆராயப்பட்டு வருகிறது' என்று எழுதச் சொன்னேன். அந்த வாசகத்துக்குக் கீழே எத்தனையோ தடவை கையெழுத்துப் போட்டிருக்கிறேன். அது உண்மையாக இருந்து நான் பார்த்தது அன்றைக்குத்தான்.