உம்மாவின் அறை ஏசி

ஏசி ஆசைக்கு வாங்கியதல்ல. பாரிசவாதத்தில் படுத்த உம்மாவுக்கு முதுகில் புண் வந்து, வியர்வை படக்கூடாதென்று டொக்டர் சொன்னதால் வாங்கியது. அது சூடாக ஊதத் தொடங்கியதும் பாலாவியிலிருந்து ஏசி திருத்தும் ஒரு பாஸை அழைத்தோம்.

அவர் வெளிப்பெட்டியைக் கழற்றி உள்ளேயிருந்த குழாய்ச் சுருளைப் பார்த்தார். "உப்புக் காத்து கொயிலத் திண்டுட்டு. கேஸ் அடிச்சாலும் நிக்காது, ஓட்டையால போயிடும். மாத்தத்தான் வேணும்."

விலையைக் கேட்டதும் என் உடன்பிறந்த நானாவின் முகம் மாறியது. "ஆனை விலை குதிரை விலை சொல்றான். எங்கட ஊராள் ஒருத்தர் இருக்காரு, அவரக் கேப்பம்."

ஊர் என்றால் எங்களுக்கு மன்னார். தொண்ணூறில் முஸ்லிம்களை விரட்டியபோது அதை விட்டு இந்தக் கடலோரத்துக்கு வந்த பிறகு கல்யாணத் தரகானாலும் கூரைத் தகடானாலும் ஊராளைத்தான் தேடுவோம். வருடா வருடம் துருப்பிடிக்கும் ஜன்னல் கம்பிகளுக்குப் பெயின்ற் அடிக்கிறவர்கள்தான் நாங்கள். ஆனாலும் அந்த உப்பு கொயிலையும் தின்னும் என்று பாலாவிக்காரர் சொன்னபோது நம்பவில்லை. செவுளைத் தூக்கிப் பார்க்காமல் மீன் வாங்காத நானா, பழைய கேஸ் எங்கே போனதென்று ஊராளிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை. கேட்டிருக்க வேண்டும்.

ஊராள் கேஸ் மட்டும் அடித்தார். "உங்களிட்டப் போய் கூடக் காசு எடுப்பனா?" என்று கொஞ்சக் காசோடு போனார். அறை குளிர்ந்தது. நானாவுக்குப் பெருமை தாங்கவில்லை. பிறகு மறுபடியும் சூடு. ஊராள் வந்து மறுபடியும் அடித்தார். முகத்துக்கு நேரே குறை சொல்ல எங்களுக்கு வாய் வரவில்லை.

உம்மாவும் அவருக்கே பரிந்தார். "ஊர்ப் புள்ள, ஒண்டும் சொல்லாதீங்க. எனக்குக் குளிரத்தான் செய்யிது, மகள்."

நம்பினேன். நம்புவது வசதியாகவும் இருந்தது. ஒரு மத்தியானம் உம்மாவைத் திருப்பிப் படுக்கவைக்க முதுகுக்குக் கீழே கையைக் கொடுத்தேன். விரிப்பு வியர்வையில் தொப்பலாக நனைந்திருந்தது. ஆறிவந்த புண் திரும்பவும் வாய் திறந்திருந்தது. "ஏன் உம்மா சொல்லல்ல?" என்று கத்தினேன்.

அன்றைக்கே நானா பாலாவிக்காரரைக் கூப்பிட்டார். அவர் முன்பு சொன்ன விலையையே சொன்னார். வேறு இரண்டு இடங்களில் விசாரித்தோம், அங்கே விலை இன்னும் கூடுதல். கொயில் கொழும்பிலிருந்து வரவேண்டியிருந்தது.

அவர் அதைக் கொண்டுவந்தபோது உம்மா மௌத்தாகி, வீட்டில் இறந்தவருக்கான கத்தம் ஓதிக்கொண்டிருந்தார்கள். வாசலில் நின்றவருக்கு உம்மாவின் அறையைக் காட்டி நானா, "கொயிலப் பூட்டுங்க பாஸ்" என்றார்.