மூன்றாம் தறியின் கோளாறு

நாற்பது ஆண்டுகளாக நான் கேட்டுவரும் வெளிநாட்டு சிந்தசைசர் இசைக்குழுவின் புதிய ஆல்பத்தை இன்று காலை 6.40க்குப் போட்டேன். பாடுகிறவர்களுக்கு அறுபது தாண்டிவிட்டது. பழைய துள்ளல் இல்லை. பாடல்களெல்லாம் சாவைப் பற்றியவை. அடியில் ஒரு தாளம், நின்றுவிடுமோ என்று பயப்படும்படி மெதுவாக இடித்தது.

அந்தப் பயம் எனக்குப் பழையது. பதினொரு வயதில், அருப்புக்கோட்டையில் எங்கள் விசைத்தறிக் கொட்டடியில், இதே குழுவின் கேசட்டை டேப் ரெக்கார்டரில் போட்டு, நூல் மூட்டைக்குப் பின்னால் ஒளித்துவைத்துக் கேட்டேன். நான்கு தறிகளின் இரைச்சலுக்கும் எண்ணெய் வாடைக்கும் நடுவே அப்பா காதாலேயே பழுது கண்டுபிடிப்பவர்.

"மூணாவதுல என்னமோ தட்டுதுடா" என்று அந்தத் தறியை நிறுத்தினார். பதறிப்போய் அதே நொடியில் நான் டேப்பை அணைத்தேன். தறியின் சத்தமும் பாட்டின் தட்டலும் ஒன்றாக நின்றதால், கோளாறு தறியில்தான் என்று அப்பா நம்பிவிட்டார். சாயங்காலம் வரை தறியைப் பிரித்துப் போட்டுத் தேடினார். நான் வாய் திறக்கவில்லை. அதன்பின் தினமும் அதில் காதை வைத்துப் பார்த்தார். நம்பிக்கை வராமல் விற்றுவிட்டார்.

இன்று அப்பா கைத்தடியோடு அறைக்குள் வந்தார். "ஏலே, எது இப்படித் தட்டுது?"

"பாட்டுப்பா. அன்னைக்கு மூணாந்தறியில கேட்டதும் இவுக பாட்டுதான்."

பாட்டு முடியும்வரை அவர் ஸ்பீக்கரில் காதை வைத்துக் கேட்டார்.

"கோளாறான தறின்னு சொல்லித்தானடா குடுத்தேன். வாங்குனவுக இருக்காகளான்னு விசாரி. போனப் போடு, அதுல கோளாறே இல்லைன்னு சொல்லணும்."