களத்துமேட்டு இங்கிலீஷ்

நீடாமங்கலத்திலிருந்து தஞ்சாவூர் போகும் காலை ரயிலில் சீசன் டிக்கெட்காரர்கள் ஆயுத பூஜைக்கு முந்தின நாளே பெட்டிக்குப் பூஜை போட்டுவிடுவார்கள். கதவில் வாழைக்கன்று, ஜன்னலில் மாவிலை, எல்லார் மடியிலும் பொரிகடலை. அப்புறம் பட்டிமன்றம். நிரந்தர நடுவர் எங்கள் ஊர்க்காரர், தஞ்சாவூர்க் கல்லூரி ஒன்றில் இங்கிலீஷ் பேராசிரியர்.

ஊரெல்லாம் கம்ப்யூட்டர் சென்டர் முளைத்த வருடம் அது. 'இன்', 'ஆன்', 'வித்' போன்ற பிரிபொசிஷனில் இங்கிலீஷ் வாக்கியம் முடியலாமா என்பது தலைப்பு. முடியலாம் என்று நான் பேசினேன். எம்.ஏ. முடித்து, டியூட்டோரியலில் பாடம் எடுத்துக்கொண்டு, அவருடைய கல்லூரியில் வேலைக்கு மனுப் போட்டிருந்தேன். அந்த மொழிக்காரர்களே அப்படித்தான் பேசுகிறார்கள், அவர்கள் வீட்டுக்குள் போய் நாம் திருத்த முடியுமா என்று கேட்டேன். கைதட்டினார்கள்.

நடுவருக்குப் பொறுக்கவில்லை.

"பொண்ணு நல்லாத்தான் பேசுது. ஆனா இது களத்துமேட்டு இங்கிலீஷ். நெல்லு தூத்துற எடத்துல பேசிக்கலாம், காலேஜுல பேச முடியாது."

என் அப்பாவும் அம்மாவும் கூலிக்குக் கதிர் அடிப்பவர்கள் என்பது அவருக்குத் தெரியும். பெட்டியே சிரித்தது. இன்டர்வியூவிலும் அவரே உட்கார்ந்திருந்தார். வேலை கிடைக்கவில்லை.

சென்னைக்குப் போனேன். அமெரிக்காக்காரர்களுடன் போனில் பேச ஆட்களைப் பழக்கும் வேலை. என் வன்மத்தை நான் ஒரு நாளும் பட்டினி போட்டதில்லை. சில வருடம் கழித்து அந்த நடுவரின் மகன் வேலை கேட்டு என் முன்னால் உட்கார்ந்தான். அப்பாவைப் போலவே பேசினான். விரட்டியிருக்கலாம், எனக்கு அது போதாது. எடுத்துக்கொண்டேன். அப்பா பழக்கியதை அவன் நாக்கிலிருந்து கழற்றி என் இங்கிலீஷை மாட்டிவிட்டேன்.

ரயில் பூஜைக்கு அப்பா கூப்பிடுகிறார் என்று லீவு கேட்டான். கொடுத்தேன். நானும் லீவு போட்டேன்.

ரயிலில் பூஜை முடிந்ததும் நடுவர் பெருமையாக மகனை இங்கிலீஷில் பேசச் சொன்னார். ஆரம்பித்ததுமே ஒரு வாக்கியம் 'வித்' என்று முடிந்தது. அடுத்தது 'ஃபார்' என்று. அவர் முகம் கறுத்தது.

"யாருடா உனக்கு இப்படிச் சொல்லிக் குடுத்தது?"

"எங்க மேடம்ப்பா. அதோ நிக்கிறாங்களே."

பொரிக் கையோடு முன்னால் வந்தேன். "வணக்கம் சார். களத்துமேட்டு இங்கிலீஷ்தான். தம்பிக்கு நல்லா வருது."

பெட்டி சிரித்தது. பழைய ஆட்கள் கொஞ்சம் கூடவே சிரித்தார்கள். மகனுக்கு ஒன்றும் புரியவில்லை, பாவம்தான். அதற்காக நான் போய் உட்கார்ந்துவிடவில்லை. அவர் நிமிர்ந்து என்னைப் பார்க்கட்டும் என்று தஞ்சாவூர் வரும்வரை எதிரிலேயே நின்றேன். அவர் நிமிரவில்லை.