கொக்குப் படத்துக்கு வந்த கடிதம்

ஈஜிபுராவில் வனஜாவைப் போல ஒரு சந்தேகப் பிராணியைப் பார்க்க முடியாது. பால் பாக்கெட்டில் தேதி பார்ப்பாள், சரி. காஸ் சிலிண்டர் கொண்டுவருபவரை நிற்கவைத்து எடை போடச் சொல்வாள், அதுவும் சரி. பக்கத்து வீட்டில் கிறிஸ்துமஸ் கேக் கொடுத்தால்கூட "எதுக்குத் திடீர்னு?" என்று கேட்பாளே, அதை எதில் சேர்ப்பது? ஆம்பூரிலிருந்து இந்தக் கன்னட ஊருக்கு வந்து பதினாலு வருஷம், கால் சென்டர் வேலை, தனிக்கட்டை. அப்படி ஆகிவிட்டாள்.

அவள் சந்தேகப்படாத ஒரே பொருள் 'கொக்கு'. படம் வரைகிற மென்பொருள் அது. ஆர்வலர்கள் சேர்ந்து செய்தது. யாரும் இலவசமாக எடுக்கலாம், பிரித்து மாற்றலாம். அதைத் தமிழில் சொல்லித்தர 'தமிழ்க் கொக்கு' என்று ஒரு தளம் தொடங்கி, ஆறு வருஷமாக ஞாயிறுதோறும் ஒரு பாடம் எழுதினாள். சிவாஜிநகரில் கல்யாணப் பத்திரிகை அடிக்கிறவர்கள் அதைப் படித்துத்தான் தொழில் கற்றார்கள். ஆபீசில் அவளை யாரும் சீந்துவதில்லை. அந்தத் தளத்தில் மட்டும் அவள் டீச்சர்.

போன மாதம் கொக்கு அறக்கட்டளையிலிருந்து கேரல் என்ற அம்மாள் எழுதினார். மென்பொருள் எல்லோருக்கும் பொது. ஆனால் அந்தப் பெயரும் பறவைப் படமும் பதிவு செய்த வணிக அடையாளம், அவற்றைப் போட அனுமதி வேண்டும். பாடங்கள் உங்களுடையவைதானா, எப்போது எழுதினீர்கள் என்று படிவத்தில் நிரப்பி அனுப்புங்கள்.

வனஜா அதை இரண்டு தரம் படித்தாள். ஆறு வருஷம் வாயைத் திறக்காதவர்களுக்கு இப்போது என்ன அக்கறை? யாரோ போட்டுக் கொடுத்திருக்கிறார்கள். பாலகுமாரைத் தவிர வேறு யார்! அத்திபெலேயில் பேனர் கடை வைத்திருப்பவன், முதல் பாடத்திலிருந்து பிழை பார்த்துத் தருகிறவன். முந்தின வாரம்தான் ஒரிஜினல் ஃபைல்களையெல்லாம் கேட்டிருந்தான். பழைய லேப்டாப்பில் இடமில்லாமல் அவற்றை அவள் எப்போதோ அழித்துவிட்டாள், சொல்ல வெட்கம். போன் போட்டாள்.

"அவங்களுக்கு எழுதினது நீதானே?"

"ஆமாக்கா. இங்க ஒரு இன்ஸ்டிட்யூட்காரன் உங்க பாடத்தை அப்படியே காப்பியடிச்சு, கொக்கு படமும் போட்டு சர்டிபிகேட் குடுக்கிறான். அதான்..."

"அதுல உனக்கு என்ன பங்கு?"

"அய்யோ, சும்னே, காரணமே இல்லாம, கோவப்படாதீங்கக்கா. அந்த ஃபாரத்தை நிரப்பி அனுப்புங்க, மத்ததை அவங்க பாத்துப்பாங்க."

நிரப்பு நிரப்பு என்று இவன் ஏன் துடிக்கிறான்? கையெழுத்துப் போட்டால் பாடமெல்லாம் அறக்கட்டளைக்குச் சொந்தமாகிவிடும், அதற்குத்தான். பிழை திருத்த பாலகுமாருக்குக் கொடுத்திருந்த தளத்தின் பாஸ்வேர்டை அன்றே ரத்து செய்தாள். படிவத்தைத் தொடவேயில்லை. இரண்டு நாள் லீவு போட்டு, பாடங்களையெல்லாம் பெயர் மாற்றி, பறவையை எடுத்துவிட்டு, புதுத் தளத்தில் ஏற்றினாள். பழைய தளத்தை அடியோடு அழித்தாள். இனி எவனும் என்னைத் தொட முடியாது என்று காபி போட்டுக் குடித்தாள்.

மூன்று வாரம் கழித்து கேரலின் அடுத்த கடிதம். மரியாதையான கடிதம்தான்.

"உங்கள் புதுத் தளம் தம்முடைய பாடங்களின் நகல் என்று அத்திபெலே நிறுவனத்தார் புகார் செய்திருக்கிறார்கள். அவர்களுடையவை வெளியாகி இரண்டு வருடம் ஆகிறது. உங்களுடையவை இந்த மாதத் தேதியில் இருக்கின்றன. பழைய தளத்தைத் திறந்து பார்க்கவும் வழியில்லை. எனவே அனுமதியை அவர்களுக்கே தர இருக்கிறோம். மறுப்பு இருந்தால், தொடக்கத்திலிருந்து உங்களோடு வேலை செய்த ஒருவரை ஆதாரத்தோடு எழுதச் சொல்லுங்கள்."

அடிப்பாவி! தன் கையாலேயே தன் ஆறு வருஷத்தைத் துடைத்துப் போட்டிருக்கிறாள். பாலகுமாரைப் போனில் கூப்பிட்டாள். கடிதத்தைப் படித்துக் காட்டினாள்.

"எனக்காக எழுதுவியா பாலா?"

"எழுதறேன்க்கா. இன்னிக்கே எழுதறேன். ஆனா எதைக் காட்டறது? நான் பாத்துக் குடுத்ததெல்லாம் அந்தத் தளத்துலதானே இருந்துச்சு."

அவன் குரலில் கோபமே இல்லை. இவ்வளவு சுலபமாக ஒத்துக்கொள்கிறானே, எதற்காக இருக்கும் என்று அந்த நொடியிலும் அவளுக்குத் தோன்றியது. தோன்றியதும், தன்னையே செருப்பால் அடித்துக்கொள்ளலாம் போலிருந்தது.